கோயிலுக்குள் இருக்கும் விலக்கு நூல்கள்

கோவளம் கார்மேல் அன்னை கோயிலுக்கு வரும் எந்தப் பாட்டியிடமும் மாதாவின் தாய் தகப்பன் யார் என்று கேட்டால், சுவக்கினும் அன்னம்மாளும் என்று யோசிக்காமல் பதில் வரும். விவிலியத்தில் அது எங்கே இருக்கிறது என்று அடுத்துக் கேட்டால்தான் சிக்கல். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரும் அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. பவுலடியார் எழுதவில்லை. தொடக்கநூல் முதல் திருவெளிப்பாடு வரை புரட்டினாலும் மரியாவைப் பெற்ற அன்னம்மாளைப் பார்க்க முடியாது.

அவர்கள் வருவது ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ என்று வழங்கும் நூலில். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. விவிலியத்தில் இடம் பெறாமல் போனது. 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் லத்தீனில் தொகுக்கப்பட்டு, கெலாசியுஸ் பாப்பரசர் பெயரில் உலவிய பட்டியல் ஒன்று உண்டு. எதை ஏற்கலாம், எதை விலக்க வேண்டும் என்று நூல்களைப் பிரிப்பது அது. விலக்க வேண்டிய வரிசையில் யாக்கோபு பெயரிலான நற்செய்தி இருக்கிறது. தோமையார் பெயரிலான ‘பணிகள்’ நூலும் அங்கேதான். மாதாவின் மரணத்தையும் விண்ணேற்பையும் சொல்லும் ‘கடந்துபோதல்’ கதையும் அங்கேதான். இப்போது செங்கல்பட்டு மறைமாவட்டத்துக் கடற்கரைப் பங்குகளின் நாட்காட்டியைப் பாருங்கள். ஜூலை 3 தோமையார் திருநாள். ஜூலை 26 சுவக்கின், அன்னம்மாள். ஆகஸ்டு 15 மாதா விண்ணேற்பு. ஆனி மாதம் நடுவில் தொடங்கி ஆடி முடிவதற்குள், ஒரே விலக்குப் பட்டியலின் மூன்று நூல்கள் மூன்று திருநாளாக வந்து போய்விடுகின்றன.

இந்த நூல்களைப் பற்றித் தமிழில் பேச்செடுத்தாலே ‘மறைக்கப்பட்ட உண்மை’ என்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்தில் ‘கள்ள உபதேசம், தொடாதே’ என்ற அதட்டல். இரண்டும் இந்தக் கரைக்குப் பொருந்தாது என்பதே என் கட்சி. இங்கே அவை ஒருநாளும் மறைக்கப்படவில்லை, வாசிக்கப்படவில்லை, அவ்வளவுதான். பெயராகவும் சுரூபமாகவும் பாட்டாகவும் நடுவீட்டில் இருந்தன. ஏடு மட்டும் கைக்கு வரவில்லை. ஆகவே இன்று அவற்றை எடுத்துப் படிக்கிறவருக்கு முதல் வேலை, நம் மரபு அந்த ஏட்டிலிருந்து எதை எடுத்தது, எதை விட்டது, எதைத் தானே சேர்த்தது என்று பிரித்துப் பார்ப்பது.

யாக்கோபின் நூலிலிருந்தே தொடங்கலாம். சுவக்கின் பெரிய பணக்காரர். கோயிலுக்குக் காணிக்கை கொண்டு போகிறார். உனக்குப் பிள்ளையில்லை, நீ முதலில் செலுத்தக் கூடாது என்று ஒருவன் தடுக்கிறான். அவமானத்தில் வனாந்தரம் போய் 40 நாள் உண்ணாமல் கிடக்கிறார். அன்னம்மாள் வீட்டுத் தோட்டத்து மரத்தில் குருவிக் கூட்டைப் பார்த்து அழுகிறாள்: குருவிக்குக்கூடக் குஞ்சு இருக்கிறது. மலடி என்ற சொல்லை முகத்தில் அடித்தாற்போல் கேட்டிருக்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் இந்த இடம் உரை இல்லாமலே புரியும். பிறகு வானதூதர், கர்ப்பம், குழந்தை. மூன்று வயதில் மரியாவைக் கோயிலில் விடுகிறார்கள். அவள் படியில் நின்று நடனமாடுகிறாள். பன்னிரண்டு வயதானதும், மனைவியை இழந்த ஆண்களைக் கோல்களோடு வரவழைக்கிறார்கள். சூசையின் கோலிலிருந்து புறா பறக்கிறது. எனக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் கிழவன், ஊர் சிரிக்கும் என்று அவர் மறுக்கிறார்.

இந்த நூலின் உச்சம் வேறிடத்தில். மரியாவைக் குகையில் விட்டு மருத்துவச்சியைத் தேடிப் போகும் சூசை, நடந்துகொண்டே இருந்தவர், சட்டென்று எல்லாம் நின்றுபோனதைக் காண்கிறார். வானத்துப் பறவை அசையாமல் நிற்கிறது. வேலையாட்கள் சோற்றுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கை சட்டியில், வாய் மேல்நோக்கி, மெல்பவன் மெல்லவில்லை. ஆட்டை அடிக்க ஓங்கிய இடையனின் கை அப்படியே நிற்கிறது. ஆற்றில் வாய் வைத்த குட்டிகள் குடிக்கவில்லை. மறுகணம் உலகம் ஓடத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் குழந்தை பிறந்ததென்று ஆசிரியர் சொல்லவே இல்லை. வாசகரே உணர விட்டுவிடுகிறார். சிறுகதை எழுதுகிறவர்கள் இந்த ஒரு பக்கத்துக்காகவாவது இதைப் படிக்க வேண்டும்.

இதைத் திருச்சபை எப்படிக் கையாண்டது என்பது சுவையான கதை. மாதாவைக் கோயிலில் ஒப்புக்கொடுத்த நவம்பர் 21 திருநாளுக்கு ஆதாரம் இந்த நூல் மட்டுமே. ஆதாரம் போதாதென்று 16-ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் பயஸ் அந்தத் திருநாளை நாட்காட்டியிலிருந்து எடுத்தார். 1585-இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் திரும்பச் சேர்த்தார். நூலுக்குத் தடை, திருநாளுக்கு அனுமதி. நம்மூர்க் கோயில் பழக்கங்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நூல்கள் எப்படி வெளியே போயின என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 325-இல் நிசேயா சங்கத்தில் கான்ஸ்டன்டைன் அரசன் உட்கார்ந்து சிலவற்றை வைத்து, மற்றவற்றைக் கொளுத்தினான் என்று பரவலாகச் சொல்கிறார்கள். நிசேயா அந்த விஷயத்தை முடிவு செய்யவே இல்லை. அங்கே நடந்த வழக்கு ஆரியுஸ் என்ற குருவின் போதனை பற்றியது. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே ஒரு பட்டியலாகக் கிடைப்பது 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய பாஸ்கா மடலில். அவரும் புதிதாக ஒன்றைத் தீர்மானிக்கவில்லை. சபைகள் வழிபாட்டில் வாசித்து வாசித்து நிலைத்துப்போனதைப் பெருமளவு எழுத்தில் வைத்தார். யூதா எழுதிய சிறு கடிதம் ஏனோக்கின் நூலை மேற்கோள் காட்டுகிறது. கடிதம் விவிலியத்தில் இருக்கிறது, ஏனோக்கு இல்லை. எத்தியோப்பியச் சபையின் விவிலியத்திலோ ஏனோக்கும் இருக்கிறார். ஆக, எல்லைக்கோடு எல்லா நாட்டிலும் ஒரே இடத்தில் விழவில்லை.

தமிழ்நாட்டிலும் விழவில்லை. கத்தோலிக்கரின் பழைய ஏற்பாட்டில் 46 நூல்கள், சீர்திருத்தச் சபைகளில் 39. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு என்று ஏழு நூல் வித்தியாசம். இதை உரோமாபுரிக்கும் லூத்தருக்கும் இடையிலான சண்டை என்று சுலபமாக முடித்துவிட முடியாது. லூத்தர் தம் 1534 ஜெர்மன் விவிலியத்தில் அவற்றை நடுவில் தனியே வைத்து, படிக்க நல்லவை என்றார். அந்த வழியில் வந்த தரங்கம்பாடி லூத்தரன் மிஷனும், சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டை பெஞ்சமின் சூல்ட்ஸ் முடித்தபோது, 1720-களில் இந்தத் தள்ளுபடி ஆகமங்களையும் தமிழில் அச்சிட்டது. சீர்திருத்தத் தமிழர் கையில் அவை இருந்தன, பிறகுதான் நழுவின. இலண்டனில் பெரிய சச்சரவு நடந்து, பிரிட்டிஷ் மற்றும் அயல்நாட்டு வேதாகமச் சங்கம் 1826-இல் இவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. உலகெங்கும் மலிவு விலை வேதாகமம் அந்தச் சங்கத்தின் கையிலிருந்து வந்த காலம் அது. இறையியல் செய்யாததை அச்சுக்கூலி செய்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அவை ‘இணைத்திருமுறை’ என்ற பெயரில் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தன.

தோபித்து நூலை எல்லாச் சபை மீனவரும் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தோபியா என்ற பையன் திக்ரீசு ஆற்றங்கரையில் இறங்க, பெரிய மீன் ஒன்று பாய்கிறது. பயணத்தில் கூட வந்தவர், அவர் இரபேல் வானதூதர் என்று பையனுக்குத் தெரியாது, மீனைப் பிடித்து அறுத்துப் பித்தப்பை, இதயம், ஈரல் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்கிறார். ஈரலும் இதயமும் புகைத்தால் பேய் ஓடும். பித்தம் தடவினால் தகப்பன் கண் திறக்கும். ஒரே கடற்கரையில் பூசைக்குப் போகும் குடும்பத்துக்கு இது வேதம். ஜெபவீட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு இது வேதத்தில் இல்லாத கதை.

இனி இந்தக் கரைக்கே உரிய நூலுக்கு வருவோம். ‘தோமையார் பணிகள்’ 3-ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில், பெரும்பாலும் எடெசா நகரில், இன்றைய துருக்கியின் ஊர்ஃபாவில், எழுதப்பட்டது. தோமையார் இந்தியாவுக்கு வந்த கதையை விரித்துச் சொல்லும் மிகப் பழைய நூல் இதுதான். சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை என்று சுற்றி வருகிறவர்களில் இதைப் படித்தவர்கள் மிகச் சிலரே இருக்க முடியும்.

கதை எடுத்த எடுப்பிலேயே வேடிக்கையாக இருக்கிறது. சீடர்கள் சீட்டுப் போட்டு உலகைப் பங்கிடுகிறார்கள். இந்தியா தோமையாருக்கு விழுகிறது. உடம்புக்கு முடியவில்லை, நான் எபிரேயன், இந்தியர்களிடம் எப்படிப் பேசுவேன் என்று அவர் நழுவப் பார்க்கிறார். இந்திய அரசனுக்காகத் தச்சன் தேடி அப்பான் என்ற வணிகன் வந்திருக்கிறான். இயேசு அவன் முன் தோன்றி, எனக்கு ஓர் அடிமை இருக்கிறான், தச்சன், விலைக்குத் தருகிறேன் என்று விற்றுவிடுகிறார். எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தோடு. இவர்தான் உன் எஜமானா என்று வணிகன் கேட்க, தோமையார் ஆம் என்கிறார். உனக்கு என்ன வேலை தெரியும்? மரத்தில் கலப்பை, நுகத்தடி, படகு, பாய்மரம். கல்லில் தூண், கோயில், அரண்மனை.

வழியில் ஒரு பட்டணத்தில் அரசன் மகளுக்குக் கல்யாணம். விருந்தில் தோமையார் எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். மது ஊற்றுகிறவன் அவரை அறைகிறான். இந்தக் கையை நாய் இழுத்துவரப் பார்ப்பேன் என்கிறார் அவர். தண்ணீர் மொள்ளப் போனவனைக் கிணற்றடியில் சிங்கம் கொல்கிறது. கறுப்பு நாய் ஒன்று அவன் வலது கையைக் கவ்விக்கொண்டு பந்திக்கே வருகிறது. மன்னிப்பைப் போதிக்க வந்தவர் செய்யும் காரியமா இது? இதே கேள்வியை 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித அகுஸ்தீனார் கேட்டார், வேறு விதத்தில். மானிக்கேயர்கள் என்ற சமயக் குழுவினர் பழைய ஏற்பாட்டுக் கடவுள் பழிவாங்குகிறார் என்று விலக்கிவிட்டு இந்த நூலைப் போற்றினார்கள். உங்கள் நூலில் இருப்பது மட்டும் என்ன என்று அவர்களை மடக்கினார்.

நூல் வெளியே நின்றதற்குக் காரணம் நாயும் சிங்கமும் அல்ல. கல்யாண இரவிலேயே மணமக்களைத் தாம்பத்தியம் வேண்டாம் என்று மாற்றுவதுதான் தோமையாரின் முதல் பெரிய ‘வெற்றி’. பிற்பகுதி முழுக்க அதே. அரசனின் உறவினன் மனைவி மிக்தோனியா அவர் பேச்சைக் கேட்டுக் கணவனை விட்டு விலகுகிறாள். அவளைத் திருத்தப் போன அரசி தெர்த்தியாவும் மாறிவிடுகிறாள். தோமையார் கொல்லப்படுவது விக்கிரக வழிபாட்டைக் கண்டித்ததால் அல்ல. பெண்கள் படுக்கையறைக் கதவைச் சாத்தியதால் ஆண்களுக்கு வந்த ஆத்திரத்தால். திருமணத்தைத் திருவருட்சாதனமாகக் கொண்ட திருச்சபை இதை மேடையில் வைத்து வாசிக்க விரும்பாததில் வியப்பில்லை. அதே சமயம், கணவனுக்குச் சொந்தமான உடம்பு என்னுடையது என்று சொல்லும் அந்தப் பெண்களின் குரல் இவ்வளவு உரக்கக் கேட்கும் பழைய கிறித்தவ நூல்கள் அதிகமில்லை.

வரலாற்றுக்காரர்கள் இதை வெகுகாலம் கட்டுக்கதை என்றே ஒதுக்கினார்கள். தோமையாரிடம் அரண்மனை கட்டப் பணம் கொடுத்த அரசன் பெயர் நூலில் குட்னபர். அப்படி ஓர் அரசனை வேறெந்த இலக்கியமும் சொல்லவில்லை. 1830-களில் ஆப்கானிஸ்தானிலும் பஞ்சாபிலும் பழங்காசுகள் கிடைத்தன. அவற்றில் கோண்டோபெர்னஸ் என்ற இந்தோ-பார்த்திய அரசனின் பெயர் இருந்தது. தக்த்-இ-பாஹி கல்வெட்டு அவன் ஆட்சியின் 26-ஆம் ஆண்டைச் சொல்கிறது, அது கி.பி. 46 அளவில் என்று அறிஞர்கள் பொதுவாகக் கணிக்கிறார்கள். தோமையார் வந்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பொருந்துகிறது. விலக்கப்பட்ட நூல் ஒன்று, எல்லோரும் மறந்த அரசன் பெயரை ஆயிரத்து அறுநூறு ஆண்டு காப்பாற்றி வைத்திருந்தது.

நம் ஆட்கள் இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கோண்டோபெர்னஸ் ஆண்டது தட்சசீலப் பக்கம், மயிலாப்பூர் அல்ல. தோமையாரைக் கொல்வித்த அரசன் பெயர் மஸ்தாய், பாரசீக வாடை அடிக்கும் பெயர். நூலில் மயிலாப்பூர் இல்லை, சோழன் இல்லை, கடற்கரைக் கோயில் இல்லை. நான்கு படைவீரர் மலைமேல் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்று மட்டும் இருக்கிறது. காசு அரசனை மெய்ப்பித்ததை வைத்துக்கொண்டு பரங்கிமலையை மெய்ப்பித்ததாகச் சொல்லும் பிரசங்கம் இரண்டு தனித்தனிச் சங்கதிகளைக் கலக்குகிறது.

மயிலை மரபு இந்த நூலின் நகல் அல்ல என்பதற்கு நல்ல சாட்சி மார்க்கோ போலோ. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்தவர் கேட்டுப் போன கதையில் ஈட்டி இல்லை, படைவீரர் இல்லை. தோமையார் காட்டில் ஜெபம் செய்கிறார், சுற்றிலும் மயில்கள். மயிலைக் குறிவைத்து ஒருவன் விட்ட அம்பு தவறி அவர்மேல் பாய்கிறது. யாரும் அவரைக் கொல்ல நினைக்கவில்லை. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு பரவிய கதையில்தான் பிராமணனும் ஈட்டியும் வந்து பகை சேர்கிறது. எடெசாவின் ஏட்டைவிட மயில் கதை இந்த மண்ணின் மனநிலைக்கு நெருக்கமாகப் படுகிறது எனக்கு.

ஆனால் ஓரிடத்தில் ஏடும் மண்ணும் கைகோக்கின்றன. ‘பணிகள்’ நூலின் கடைசியில் அரசன் மகனுக்குப் பேய் பிடிக்கிறது. தோமையாரின் எலும்பை எடுத்துக் கட்டலாம் என்று கல்லறையைத் திறக்கிறான், எலும்பு இல்லை. சகோதரர் ஒருவர் முன்பே மேற்கே கொண்டுபோய்விட்டார். எலும்பு கிடந்த இடத்து மண்ணை எடுத்துப் பூசுகிறான், மகன் பிழைக்கிறான். மார்க்கோ போலோவும் அதையே சொல்கிறார்: வருகிற யாத்திரிகர்கள் அந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிறார்கள், சுகமாகிறது. ஆயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே வழக்கம். ஏட்டிலிருந்து கல்லறைக்கு வந்ததா, கல்லறையிலிருந்து ஏட்டுக்குப் போனதா என்று யாராலும் அறுதியிட முடியாது. உடல் முதலில் இந்தியாவில் இருந்து பிறகு எடெசா போனது என்று 6-ஆம் நூற்றாண்டில் தூர் நகர கிரகோரியும் எழுதியிருக்கிறார்.

கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். அவர்களுடைய மார்க்கம் களிப் பாட்டு அப்பானையும், தச்சு வேலையையும், அரண்மனையையும் அப்படியே எடுத்துக்கொண்டு, அரசனை மட்டும் மயிலாப்பூர்ச் சோழனாக்கிவிட்டது. தட்சசீலத்து அரண்மனை கடலோரத்துக்கு இடம்பெயர்ந்தது. 2006 செப்டம்பரில் பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசர் தோமையாரைப் பற்றிப் பேசியபோது, அவர் மேற்கு இந்தியாவுக்குப் போனார் என்பதற்கு இதே ‘பணிகள்’ நூலைத்தான் சுட்டினார். தென்னிந்தியா பற்றிச் சொன்ன விதம் கேரளத்தில் சலசலப்பை உண்டாக்கியது. விலக்கப்பட்ட நூலைப் பாப்பரசர் ஆதாரம் காட்ட, அதே நூலைப் பாட்டாக ஆடிய சமூகம் கோபித்துக்கொண்டது.

அதே கேரளத்தில்தான் இந்த நூல்கள் நெருப்புக்கும் போயின. 1599 ஜூனில் கோவா பேராயர் அலெய்ஷோ த மெனேசெஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம் சிரியாக் நூல்களைப் பெயர் பெயராகச் சொல்லித் தடை செய்தது. மீட்பரின் குழந்தைப் பருவம் பற்றிய நூல் அதில் ஒன்று. மங்களவார்த்தை நாசரேத்தில் அல்ல, எருசலேம் கோயிலில் நடந்ததாகச் சொல்கிறது, சூசைக்கு வேறு மனைவி மக்கள் இருந்ததாகச் சொல்கிறது, சிறுவன் இயேசுவின் குறும்பைச் சூசை கண்டித்ததாகச் சொல்கிறது என்று தீர்மானமே குற்றங்களை அடுக்குகிறது. மலபாரில் அந்த நூலின் எந்த வடிவம் புழங்கியது என்று இன்று ஓரளவு சொல்ல முடிவது, அதைக் கொளுத்தச் சொன்னவர்கள் கவனமாக எழுதி வைத்ததால்தான்.

ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுப் பிறகு, தமிழ்நாட்டில் நேர் எதிரான ஒன்று நடந்தது. ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை முடித்தார்: 36 படலம், 3,615 பாட்டு, காப்பியத் தலைவன் சூசையப்பர். நான்கு நற்செய்திகளில் சூசை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பேசாத ஆளை வைத்து இத்தனை பாட்டு எப்படி? வீரமாமுனிவர் கைக்கொண்டது ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆக்ரேதா மரியாளின் காட்சி நூலை. அதுவே ஒருமுறை உரோமாபுரியின் தடைக்கு ஆளாகி மீண்டது. அந்த நூலுக்கு அடியில் ஓடுவது யாக்கோபு நற்செய்தியும் அதன் லத்தீன் வாரிசுகளும். கோலில் பூத்த மலர், எகிப்துப் பயணத்து அற்புதங்கள் எல்லாம் அந்த வாய்க்கால் வழியாகவே விருத்தப்பாவுக்கு வந்து சேர்ந்தன. நம் கோயில்களில் சூசையப்பர் சுரூபத்தின் கையில் லீலிப் பூ இருப்பதைப் பார்த்தால் அந்தக் கோல் ஞாபகத்துக்கு வரவேண்டும். தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் மணிமுடி, விலக்கு நூல் மரபின் மேல் கட்டியது. பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை.

கோவளத்தில் வேறொரு வாசலும் உண்டு. கோயிலிலிருந்து தமீம் அன்சாரி தர்கா வெகு தூரமில்லை. களிமண்ணில் பறவை செய்து ஊதிப் பறக்கவிட்ட ஈசா நபியின் கதை அங்கே தொழ வருகிறவர்களுக்குத் தெரியும்; குர்ஆனில் இரண்டு இடத்தில் வருகிறது. கிறித்தவப் பிள்ளைகளுக்கு அது புதுக்கதை. விவிலியத்தில் இல்லை, ‘தோமையாரின் குழந்தைப்பருவ நற்செய்தி’ என்ற விலக்கு நூலில் இருக்கிறது: ஓய்வுநாளில் பன்னிரண்டு சிட்டுக்குருவி. அந்த நூலின் சிறுவன் இயேசு, இடித்துவிட்டு ஓடிய பையனைச் சபித்துச் சாகடிக்கும் அடங்காப்பிள்ளை. அந்தப் பகுதி குர்ஆனில் இல்லை. மர்யம் ஆலயத்தில் வளர்ந்ததும், யார் பொறுப்பில் விடுவது என்று எழுதுகோல் எறிந்து பார்த்ததும் யாக்கோபின் நூலுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. பேரீச்ச மரம் மர்யமுக்குப் பழம் தந்தது போல, பிந்திய லத்தீன் நூல் ஒன்றில் எகிப்துப் பாதையில் மரம் குனிகிறது. முஸ்லிம்களுக்கு இது இறைவாக்கு. இரவல் என்று பேசுவது அவர்கள் நம்பிக்கையைக் கொச்சைப்படுத்தும். ஒப்பிட்டு வாசிக்கத் தடையில்லை. அண்டை வீட்டாரின் வேதத்தில் இருக்கும் நம் மாதாவைப் பார்க்க இந்த நூல்கள் உதவும் அளவுக்கு மறைக்கல்விப் புத்தகம் உதவாது.

இனி, பரபரப்பு விற்கும் பக்கம். 1945 டிசம்பரில் எகிப்தின் நாக் ஹம்மாடி அருகே குடியானவர்கள் உரமண் தோண்டும்போது மண்ஜாடி ஒன்று அகப்பட்டது. உள்ளே கோப்திய மொழியில் 13 தோல் கட்டு ஏடுகள். ‘தோமாவின் நற்செய்தி’ முழுமையாக அங்கேதான் கிடைத்தது. 114 வாக்குகள், கதையே இல்லை, சிலுவை இல்லை, உயிர்ப்பு இல்லை. தலைப்பில் தோமா இருந்தாலும் இந்தியாவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 1974-இல் பூனாவில் ஓஷோ இதை வைத்துத் தொடர் உரையாற்றிய பிறகு, தமிழ் வாசகர்களில் ஒரு சாரார் இதைக் கிறித்தவ உபநிடதமாகவே எடுத்துக்கொண்டார்கள். இறையாட்சி உள்ளேயும் இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது என்று பேசும் வாக்குகள் நம் காதுக்கு இனிக்கின்றன. அதே நூலின் 114-ஆம் வாக்கில், மரியாள் ஆணாக மாறினால்தான் உள்ளே போகலாம் என்ற பேச்சு வருகிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் 113-உடன் நிறுத்திக்கொள்கிறார்கள்.

அதே ஜாடியில் வந்த பிலிப்பு நற்செய்தியில், இயேசு மகதலா மரியாளை முத்தமிட்டதாகச் சொல்லும் வரியில் ஏடு அரித்து ஓட்டையாகிவிட்டது. எங்கே முத்தமிட்டார் என்ற சொல் இருந்த இடத்தில் ஓட்டை. டா வின்சி கோட் நாவல் அந்த ஓட்டையை அடைத்துத்தான் உலகெங்கும் விற்றது. 2006-இல் படம் வந்தபோது தமிழக அரசு தடை விதிக்க, சென்னை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. தடை வந்ததால்தான் பலர் பிலிப்பின் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

அசல் இப்படியென்றால், போலிக்கு இன்னும் கிராக்கி. 1894-இல் நிக்கோலாய் நோட்டோவிச் என்ற ரஷ்யர், லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் இயேசுவின் இந்திய வாழ்க்கை பற்றிய சுவடி பார்த்ததாகப் புத்தகம் போட்டார். அடுத்த ஆண்டே ஆர்ச்சிபால்டு டக்ளஸ் என்ற பேராசிரியர் அந்த மடத்துக்குப் போய்த் தலைமைத் துறவியிடம் கேட்டபோது, அப்படி ஒரு சுவடியே இல்லை என்று சொல்லிவிட்டார். புத்தகம் மட்டும் சாகவில்லை. சென்னையிலும் இப்படி நடந்தது: தோமையாருக்கும் வள்ளுவருக்கும் தொடர்பு காட்டும் ஓலை கிடைக்கும் என்று ஒருவர் சொன்னதை நம்பி மயிலைப் பேராயரே பெருந்தொகை கொடுத்தார், வந்தவை போலி என்று ஆகி விவகாரம் நீதிமன்றம் ஏறியது. ஆதாரத்துக்கான பசி எவ்வளவு பெரியவரையும் கண் மறைக்கும் போலும். கையில் ஏற்கெனவே இருந்த ‘பணிகள்’ நூலை ஒழுங்காகப் பதிப்பிக்க அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு போதுமாயிருந்திருக்கும்.

படிக்க விரும்புகிறவருக்கு வரிசை சொல்ல வேண்டுமென்றால், யாக்கோபின் நூலில் தொடங்கலாம். சிறியது, ஒரு மாலையில் முடியும், பாதிக் கதை ஏற்கெனவே தெரிந்தது. அடுத்து ‘தோமையார் பணிகள்’. சிரியாக் மூலத்தை வில்லியம் ரைட் 1871-இல் பதிப்பித்தார்; 1924-இல் எம்.ஆர். ஜேம்ஸ் செய்த ஆங்கிலத் தொகுப்பிலும் கிரேக்க வடிவம் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் மொழி மாறும்போது எவ்வளவு கொள்கை மழுங்கியது என்று தெரியும். நூலின் நடுவே ‘முத்துப் பாட்டு’ என்று ஒன்று வருகிறது. பாம்பு காக்கும் ஒற்றை முத்தை எடுத்துவர எகிப்துக்கு அனுப்பப்பட்ட கீழ்த்திசை இளவரசன், அந்நாட்டுச் சோற்றைத் தின்று தான் யாரென்று மறந்துபோகிறான். தகப்பன் கடிதம் கழுகாய்ப் பறந்து வந்து எழுப்புகிறது. இந்தப் பாட்டு ஒரே ஒரு சிரியாக் சுவடியிலும் ஒரே ஒரு கிரேக்கச் சுவடியிலும் மட்டும் தப்பியிருக்கிறது. முத்துக் குளித்த கரைக்காரர்கள் இதைத் தமிழில், முடிந்தால் சிரியாக்கிலிருந்தே நேரடியாக, கொண்டுவர வேண்டும். சிரியாக் படித்த பாதிரியார்களுக்குக் கோட்டயத்தில் பஞ்சமில்லை. தோமாவின் 114 வாக்குகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் படித்த பிறகு அதை எடுத்தால், இது எந்தச் சபை, எந்தச் சண்டையில் பேசுகிறது என்று கேட்கத் தோன்றும். முதலிலேயே எடுத்தால் அந்தக் கேள்வி வராது.